மோதிரத்தின் உள்பக்கம்

பெர்சிஸ் டூட்டிக்கு வந்தபோது மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே சாரல். குடையை மடக்கி, செருப்பை மாற்றிக்கொண்டு ஐ.சி.யூ. கதவைத் தோளால் தள்ளினாள். ஏ.சி. குளிரும் ஸ்பிரிட் வாடையும் முகத்தில் அடித்தன. வழக்கமான காலைதான்.

"ஏட்டி பெர்சிஸ், கையைக் காட்டு," என்றார் மாஜிதா சிஸ்டர்.

காட்டினாள்.

"முழங்கைக்குக் கீழ ஒண்ணும் கிடக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லுதது? உனக்கு நிச்சயம் ஆனது கிருமிக்குத் தெரியுமாக்கும்?"

"ஒம்பது நாள்தான் ஆகுது சிஸ்டர்."

"கல்யாணம் ஆனா மாப்ளையவும் சேத்து மாட்டிட்டு வருவ போல. கழட்டு."

பெர்சிஸ் சிரித்துக்கொண்டே கழற்றினாள். மோதிரம் கொஞ்சம் தொளதொளப்பு. உள்பக்கம் பொடி எழுத்தில் 'பெஞ்சமின்' என்று வெட்டியிருந்தது. அத்தை மகன். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே இவனைத்தான் கட்டுவது என்று அவள் மனதுக்குள் முடிவாகியிருந்தது.

எல்லா நர்ஸுகளும் செய்வதுபோல மோதிரத்தைச் சாம்பிள் டப்பா ஒன்றில் போட்டு மூடியைத் திருகிக் கோட்டுப் பையில் வைத்தாள். ரத்தமோ சளியோ, டப்பாவின்மேல் பெயர் ஒட்டாமல் அவள் எதையும் வைத்ததில்லை. இதில் ஒட்டவில்லை. சொந்த மோதிரம்தானே.

ஆறாம் படுக்கையில் குழல்வாய்மொழி கிடந்தாள். வயது இருபத்தைந்து. டெங்கு. மூன்று நாளில் உடம்பெல்லாம் நீர் கோத்து, முகம் யாரோ ஒருத்தியுடையதாக மாறியிருந்தது. மூச்சு விடும்போது ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். நிச்சய மோதிரம் இறுக்கி, இடக்கை மோதிர விரல் நீலம் பாரித்திருந்தது.

பெர்சிஸ் தையல் நூலை அந்த விரலில் நெருக்கமாகச் சுற்றினாள். நுனியை மோதிரத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாகப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாக மோதிரம் நகர்ந்து வந்தது.

குழல்வாய்மொழி கண்ணைத் திறந்தாள்.

"கழட்டாதீங்கக்கா. ஆவணியில கல்யாணம்."

"விரல் செத்துப் போயிரும்மா. வீக்கம் வடியட்டும். நானே போட்டு விடுதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த மோதிரத்தையும் ஒரு டப்பாவில் போட்டாள். ஸ்டிக்கர் எடுக்கத் திரும்பியபோது மானிட்டர் அலறியது. டப்பாவை அவசரமாகப் பைக்குள் தள்ளினாள்.

பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது.

அம்மா குருவம்மாள் அழவில்லை. மகளின் வெறும் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டரம்மா, மோதிரத்தைப் போட்டு விட்ருங்க. வெறுங்கையா அனுப்ப வேண்டாம்."

பெர்சிஸின் கண்ணை நீர் மறைத்தது. பையில் கைவிட்டு, கையில் அகப்பட்ட டப்பாவைத் திறந்து, மோதிரத்தை அந்தக் குளிர்ந்த விரலில் மாட்டினாள். காலையில் நூல் கொண்டு பிரித்த விரல். இப்போது ஒரே தள்ளில் உள்ளே போனது.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று ஆள் குறைவு. ராத்திரி எட்டு வரை வேலை ஓய்ந்தபாடில்லை. வீட்டுக்கு வந்து விழுந்தவள் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தாள். லீவு நாள். துவைக்கப்போடக் கோட்டை உதறியபோது டப்பா உருண்டது.

திறந்து மாட்டிப் பார்த்தாள். மோதிரம் விரலின் பாதியோடு நின்றுவிட்டது.

கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்பக்கம் 'குத்தாலிங்கம்' என்று இருந்தது.

கல்யாணமாகாதவள் என்பதால் எரிக்கவில்லை, நேற்றுச் சாயங்காலமே புதைத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பெஞ்சமின் பெயர் மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு பிணத்தின் விரலில்.

அவனுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

காற்றின் இரைச்சல். பைக் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான்.

"என்னட்டி விளையாட்டு? பின்னாடி உக்காந்துக்கிட்டே போன் பேசுத?"

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"மார்க்கெட் வாசல்ல வந்து சொல்லாம கொள்ளாம ஏறிக்கிட்ட. ஆஸ்பத்திரி வாடை குடலைப் புடுங்குது. டூட்டில இருந்து குளிக்காம வந்துட்டியா?"

"அத்தான். நான் வீட்ல இருக்கேன்."



போனுக்கு மிக அருகில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல.

லைன் அறுந்தது.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. இன்னும் மூன்று முறை. எடுக்கவில்லை. அவன் எந்தச் சாலையில் போகிறான் என்று தெரியாது. எங்கே போய்த் தேடுவாள்? தெரிந்த ஒரே இடம் குழல்வாய்மொழியின் வீடுதான். கேஸ் ஷீட்டில் இருந்த முகவரி மனதில் இருந்தது. குத்தாலிங்கத்தின் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடித்து இலஞ்சிக்குப் போனாள். இதைக் கொடுத்து அதை வாங்க வேண்டும். தோண்டச் சொல்லிக் காலில் விழுவது என்று இருந்தாள்.

குருவம்மாள் கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்து வியப்படையவில்லை.

"வாங்க சிஸ்டரம்மா. வருவீங்கன்னு தெரியும்."

வீட்டுக்குள் ஈரமண் வாடை அடித்தது. சுவரோரம் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடும் குடும்பங்களில் அவளுக்கென்று சேலையும் வளையலும் வைக்கும் பெட்டி. உள்ளே அரக்குப் பட்டு இருந்தது. அதையொட்டி மடிப்புக் கலையாமல் ஒரு பட்டு வேட்டி.

பெர்சிஸ் கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"பெரியம்மா, தப்பு நடந்து போச்சு. மோதிரம் மாறிட்டு. உங்க பிள்ளை கையில கிடக்கது என்னோடது."

"தெரியும்."

"தெரியுமா?"

"குளிப்பாட்டும்போது மஞ்சள் வழுக்கிக் கழண்டு வந்துது. உள்ள பேரை வாசிச்சேன். திரும்ப மாட்டி விட்டது நான்தான்."

"ஏன் பெரியம்மா?"

"மூணு நாளு எம்பிள்ளை உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தா. அந்தக் குத்தாலிங்கம் பய வாசல் வரைக்கும் வரல. காய்ச்சல் ஒட்டிக்கிடுமாம். அவன் பேரோட அவளைப் புதைக்கவா?" குருவம்மாள் வேட்டியின் ஓரத்தை நீவினாள். "நீ போட்டு விடுதேன்னு சத்தியம் பண்ணுன. போட்டும் விட்ட. உன் மாப்ளைய அவளா கேட்டா?"

"எனக்கு அவர விட்டா யாரும் இல்ல. தோண்டி எடுத்துத் தாங்க. உங்க கால்ல விழுதேன்."

"கன்னிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கப்படாது."

"அவரு உயிரோட இருக்காரு!"

"அதுக்கென்ன."

பெர்சிஸின் கையிலிருந்த மோதிரம் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

குருவம்மாள் மிக அன்பாகக் கேட்டாள்.

"மாப்ளைக்கு அருவியில குளிக்கப் பிடிக்குமா? எம்பிள்ளைக்கு அருவின்னா உசுரு."

பெர்சிஸ் தெருவுக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே போன் போட்டாள். இந்த முறை எடுத்தான். தண்ணீர் கொட்டும் பேரிரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல வந்தது.

"இங்கனதான் நிக்கேன். ஏன் சத்தம் போடுத? நீதான கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த..."

"அது நான் இல்ல அத்தான்! கையை உதறுங்க! ஆளு இருக்க பக்கம் ஓடுங்க!"

"கை ஜில்லுன்னு இருக்கு உனக்கு."

பின்னால் சைரன் ஊதியது. அருவியில் வெள்ளம் வரும்போது போலீஸ் ஊதும் சைரன். ஆட்கள் கத்துவது கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

குற்றாலம் எல்லையை ஆட்டோ தொடும்போது எதிரே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு தென்காசிப் பக்கம் போனது. கண்ணாடிக்குப் பின்னால் கட்டம்போட்ட சட்டை. நிச்சயத்துக்கு அவளே எடுத்துக் கொடுத்தது.

"அண்ணாச்சி, திருப்புங்க. அது பின்னாடியே போங்க."

அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்தன. ஹாலில் டி.வி. ஓடியது. யாரோ குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ரிசப்ஷனில் அந்த வாரம்தான் சேர்ந்த ஹம்தான் இருந்தான்.

"அருவி கேஸ்? உயிர் இருக்கு சிஸ்டர். மூச்சுக்கு ட்யூப் போட்டாச்சு. இனி பயமில்லைன்னு டாக்டர் சொன்னாரு."

பெர்சிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். உயிர் இருக்கிறது. அவள் வேலை பார்க்கும் வார்டு. அவள் கைக்குத் தெரிந்த மிஷின்கள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். எவளும் கிட்டே வர முடியாது.

"ஃபார்ம் குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போறேன். அவங்க வீட்ல இருந்து வர நேரமாகும்."

ஹம்தான் ஃபைலைப் புரட்டினான்.

"அதான் போட்டாச்சே."

"யாரு போட்டா?"

"கூடவே ஆம்புலன்ஸ்ல வந்தாங்கல்லா. பாவம், முழுக்க நனைஞ்சு, முகமெல்லாம் வீங்கிப்போய்."

ஃபார்மை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

தாள் ஈரத்தில் ஊறியிருந்தது. நோயாளியின் பெயர், பெஞ்சமின். ஒப்புதல் தருபவர் பெயர், குழல்வாய்மொழி. உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று மணிமணியாக எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

"அவங்க இப்ப எங்க?"

"உள்ளதான். நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா இருக்கணும்னு சொல்லிக் கதவைப் பூட்டிக்கிட்டாங்க. உள்ள இருந்த சிஸ்டரைக் கூட வெளிய அனுப்பிட்டாங்களே."

பெர்சிஸ் ஓடினாள். ஐ.சி.யூ. கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. முழு உடம்பையும் கொடுத்து மோதினாள்.

மூன்று வருடமாக நாளுக்கு நூறு தடவை தள்ளிய கதவு. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.