தாசையனின் கடிகம்பி

2061ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், நாகர்கோவில் பேருந்துப் பணிமனையின் 214 ஓட்டுநர்களுக்கும் கீழ்ப்பல் வரிசையில் கடிகம்பி பொருத்தி முடிக்கப்பட்டது.

கம்பி எஃகு. அதன் மூன்று இணைப்புகளும் வெள்ளிப் பற்றாசால், அதாவது உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவையால், ஒட்டப்பட்டிருந்தன. எஃகு ஓர் உலோகம், வெள்ளி வேறோர் உலோகம், இடையில் எச்சில். ஒரு சின்ன மின்கலத்துக்கு இது போதும். பழைய பல் மருத்துவத்தில் இது ஒரு தொல்லை. பற்றாசு அரிக்கும், வாயில் உலோகச் சுவை தங்கும். தென்முனைப் பேருந்து வாரியம் அந்தத் தொல்லையை வேலைக்கு வைத்துக்கொண்டது. ஓட்டுநர் பல்லைக் கடித்தால் இணைப்பு அழுந்தும், மின்னோட்டம் துள்ளும், கம்பியிலிருக்கும் கடுகளவுச் செய்தியனுப்பி அதைப் பணிமனையின் அமைதிமானிக்குச் சொல்லும். ஒரு துள்ளலுக்கு ஒரு கடிப்புள்ளி.

பல்லைக் கடிப்பவர் கோபக்காரர், கோபக்காரர் விபத்து செய்வார் என்றது வாரியம். தவறென்று சொல்ல முடியவில்லை. இரண்டே மாதத்தில் விபத்துகள் பாதியாகக் குறைந்தன.

மிக அமைதியான ஓட்டுநரின் மாதப் புள்ளியைப் போல இருமடங்குதான் எல்லை. அமைதிமானி காலாண்டுக்கு ஒருமுறை அதைத் தானே திருத்திக்கொள்ளும். சோதனை ஓட்டத்தின் கணக்கை வைத்து முதல் காலாண்டின் எல்லை 900. மூன்று மாதம் எல்லை தாண்டியவர் வண்டி கழுவும் கொட்டகைக்குப் போக வேண்டும்.

செப்டம்பர் முதல் நாள் காலை, மதுரை வண்டி ஓட்டும் தாசையன் வடசேரியில் ஜெசிந்தாவின் பல்கம்பி ஆய்வகத்துக்கு வந்தார்.

"வாயத் திறங்க அண்ணாச்சி. அய்ய, கம்பியக் கடிச்சுத் தின்னுதீங்களா?"

"எனக்க வீட்டுக்காரியும் அதத்தான் கேக்கா. ரெண்டு மாசமும் ஆயிரத்து முந்நூறு. இன்னொரு மாசம் தாண்டினா கையில பக்கெட்டத் தந்துருவானுவ. இருபத்தாறு வருசத்துல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல தங்கச்சி."

"அப்போ யாருமேல இத்தன கோவம்?"

"கோவமா? சாப்பாடு முடிஞ்சு கயத்தாறு தாண்டினா கண்ணு சொக்கும். பல்லக் கடிச்சாத்தான் முழிப்பு நிக்கும். ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் வெத்தல போடுவான். நான் கடிக்கேன்."

"வாரியத்துல சொல்லலியா?"

"சொன்னேன். தூக்கம் வருதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாவ. அதுக்குத் தண்டன தனி."

ஜெசிந்தா கம்பியைக் கழற்றி, மூன்று இணைப்புகளிலும் பற்றாசைச் சுரண்டி எடுத்துவிட்டு, லேசரால் வெல்டிங் செய்தார். எஃகே உருகி எஃகோடு சேர்ந்தது. இரண்டாவது உலோகம் இல்லை, மின்கலமும் இல்லை. ஆனால் துளி மின்னோட்டமும் இல்லாத கம்பியை அமைதிமானி பழுது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பல்லழுத்தம் படாத ஓர் ஓரத்தில் ஊசிமுனையளவு பற்றாசை வைத்தார்.

"கம்பி உசிரோட இருக்குன்னு மட்டும் இது சொல்லும். நீங்க கடிக்கிறது அதுக்குத் தெரியாது. வெளிய மூச்சு விட்டா எனக்க லைசென்ஸ் போயிரும்."

"நான் வாயே திறக்க மாட்டேன்," என்றார் தாசையன்.

செப்டம்பரில் அவருடைய கடிப்புள்ளி மூன்று.

அக்டோபர் முதல் நாள் பணிமனைப் பலகையில் அவர் படத்தை ஒட்டினார்கள். படத்தில் அவர் வாய் மூடியிருந்தது. படத்தின் கீழே புதிய எல்லை இருந்தது: ஆறு.

"ஆறா! வள்ளியூர் ஸ்பீட் பிரேக்கர்லயே ஆறு தீந்துரும்வே," என்றார் ஓர் ஓட்டுநர்.

"சாமியாரே, அந்த மந்திரத்த எங்களுக்கும் சொல்லித் தாரும்," என்றார் இன்னொருவர்.

தாசையன் அன்று மாலையே வடசேரிக்குப் போனார்.

"எல்லாவனுக்கும் சோறு போயிரும் போலிருக்கு தங்கச்சி. சொல்லிரட்டுமா?"

"சொல்லணும்னா சொல்லுங்க. உங்களுக்கு வண்டி போவும், எனக்குக் கட போவும்."

அவர் எழுந்து போனார். சொல்லவில்லை. ஜெசிந்தாவும் சொல்லவில்லை.

நவம்பரில் ஓட்டுநர்கள் எல்லையை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஒருவரால் முடிவது மற்றவர்களாலும் முடியும் என்று வாரியம் பதில் எழுதியது. டிசம்பரில் மூன்றாவது மாதமும் முடிந்தது.

2062 ஜனவரி முதல் நாள் 213 ஓட்டுநர்கள் கழுவும் கொட்டகைக்கு மாற்றப்பட்டார்கள். பணிமனையின் பேருந்துகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. காலை ஒன்பது மணிக்கு அவற்றில் ஒன்று மட்டும் மதுரைக்குப் புறப்பட்டது. கயத்தாறு தாண்டியதும் அதன் ஓட்டுநர் பல்லைக் கடித்தார். அமைதிமானியில் எதுவும் பதிவாகவில்லை.