ஒரே மாதிரி இருந்தால் ஒன்று போதும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் இரண்டு ஜோடி குட்டிச் செருப்பு கிடந்தது. இப்போது ஒரு ஜோடிதான். ஸ்டீவன் பார்த்தான், பார்த்துவிட்டு மாடியேறினான். செருப்பு தேடுவதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் துரைக்குக் கௌரவக் குறைச்சல்.

துரையின் பெருமையே வேறு. எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்து, அதில் கன்டெய்னர் என்கிற தனித் தடுப்புக்குள் ஒரு புரோகிராம் ஓடவிட்டு, இந்தத் திருத்தணி வீட்டு லேப்டாப்பில் இருக்கும் குடும்பப் படங்களை அது தன் சொந்தப் படங்களைப் போல எடுத்துப் புழங்கத் திறந்துவிட்டிருந்தான். ஒரே மாதிரிப் படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிப்பது அதன் வேலை.

"அதுக்குப் படத்தப் பாக்கிறதுக்கு மட்டும் உரிமை குடுங்க பாவா, அழிக்கிறதுக்கு வோணாம்" என்று மச்சான் ஜெயபால் காலையில்தான் படித்துப் படித்துச் சொன்னான்.

"ஜெராக்ஸ் கடை வச்சிகினு எனுக்குப் பாடம் எடுக்கிறியா? போடா."

மாடியறையில் ஓட்டுச் சூடும், கீழிருந்து கறிக்குழம்பு வாசனையும், தூரத்தில் திருப்பதி பஸ்ஸின் ஹாரனும் கலந்து வந்துகொண்டிருக்க, திரையில் வரிகள் ஓடின. 'பிளெஸ்ஸி, பிரிஸில்லா: ஒரே முகம். ஒன்று நீக்கப்பட்டது.' மறுபடியும் அதே வரி. மறுபடியும். அவன் பெற்ற எட்டு வயது இரட்டைப் பிள்ளைகள். ஞானஸ்நானப் படத்தில் இப்போது ஒரு குழந்தைதான் இருந்தது. "தண்டப் புரோகிராம்" என்று காறித் துப்பாத குறையாகச் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினான்.

பிளெஸ்ஸி தனியாகப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள்.

"பிரிஸில்லா எங்கடி?"

"யாருப்பா அது?"

சமையலறையில் மனைவி தபிதாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருங்க, உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களா?"

விளையாட்டில்லை. அவள் குரலில் விளையாட்டே இல்லை.

அறைக்குள் ஓடினான். ஒரே கட்டில். ஒரே பள்ளிப் பை. சுவரில் ஒரே பெயர்.

என் பொண்ணு. என் பொண்ணை அழிக்க நானே திறந்துவிட்டேன்.

மாடிக்கு ஓடி கன்டெய்னரை நிறுத்தினான். அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டரைத் துழாவினான். ஒப்பிடுவதற்கு அது எடுத்துவைத்த படம் ஒன்று மிச்சமிருந்தது. ஸ்டுடியோவில் மஞ்சள் கவுனோடு நேராகப் பார்த்துச் சிரிக்கும் பிரிஸில்லா. அதை லேப்டாப்புக்கு இழுத்தான்.

படியில் காலடி.

"அப்பா."

மாடியறை வாசலில் நின்றாள். மஞ்சள் கவுன். அதே சிரிப்பு. அழுகை முட்டியது அவனுக்கு. அழுகைக்கு நடுவிலும், ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இது வருமா என்று ஓர் எண்ணம் ஓடியது. அப்பேர்ப்பட்ட ஜென்மம்.

கண் இமைக்கவில்லை அவள்.

"வாடி தங்கம், இம்மா நேரம் எங்க சுத்திகினு இருந்த?" படியேறிக்கொண்டே தபிதாள் கேட்டாள்.

குழந்தை அம்மாவிடம் திரும்பியது.

பின்தலை இல்லை. முதுகு இல்லை. படத்தில் இருந்த முன்பக்கம் மட்டும். கண்கள் இருந்த இரண்டு ஓட்டை வழியாகத் தபிதாள் தெரிந்தாள், சிரித்தபடி, கைகளை விரித்தபடி. வாரி அணைத்தாள். அவள் கைகள் முதுகைத் தேடின. தேடிக்கொண்டே இருந்தன.