பல்லழகிக்கு ஒரு ஜாங்கிரி

சேர்மதுரை தினமும் கண் விழிப்பதே தன் கணையத்தின் குரலைக் கேட்டுத்தான். விலாவுக்குக் கீழே பொருத்தியிருந்த கணையப்பொறி இன்சுலினைச் சுரந்துவிட்டு அன்றைய நிலவரத்தையும் வாசிக்கும்.

"காலை வணக்கம். சர்க்கரை கூடுதல். பூமிப் பயணத்துக்குத் தகுதி இல்லை."

நிலவுக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு இதுதான் சுப்ரபாதம். ஆனால் தூத்துக்குடியில் சேர்மதுரையின் மகளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியைத் தூக்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று மனிதர் கலங்கிப் போனார். வாயைக் கட்டினார், வயிற்றைக் கட்டினார், சர்க்கரை மசியவில்லை.

கடைசியில் பல் நிலையத்தில் சர்க்கரைக்காரர்களுக்கு வகுப்பெடுக்கும் இயந்திர ஆசிரியைதான் அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். நோயாளிகள் அவளுக்குப் பல்லழகி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா ஐயா?"

"அது வரும், போகும். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன தாயி சம்பந்தம்?"

"சர்க்கரை கூடினால் ஈறு புண்ணாகும். ஈறு புண்ணானால் சர்க்கரை இறங்காது. இரண்டும் கூட்டுக் களவாணிகள்."

ஈறைச் சுத்தம் செய்ததோடு அவள் விடவில்லை. காலையும் இரவும் மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்கு நூல், ரத்தம் கண்டால் மறைக்காமல் ஓடி வருவது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இயந்திரத்துக்குச் சலிப்பு ஏது? ஆச்சரியம், சேர்மதுரையும் சலிக்கவில்லை. மெல்ல ஈறு இறுகியது. ஒரு காலையில் கணையம், "பயணத்துக்குத் தகுதி உண்டு" என்றது. பிரஷும் கையுமாக நின்று அழுதார்.

நன்றி சொல்ல வெறுங்கையோடு போகலாமா? உணவச்சுப் பொறியில் தட்டு நிறைய ஜாங்கிரி அச்சடித்துக்கொண்டு பல் நிலையத்துக்கு ஓடினார்.

"நீ எனக்குத் தெய்வம் தாயி. வாயத் தொற."

"எனக்கு வாய் இல்லையே ஐயா."

மனசு கேட்கவில்லை. அவள் முன்னால் ஒன்றைப் படைத்துவிட்டு, "ஒன் பேரச் சொல்லி இவங்க சாப்பிடட்டும்" என்று வகுப்புக்கு வந்திருந்த சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் நீட்டினார். யாரும் மறுக்கவில்லை. சந்தோஷமாகக் கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதையா? சிலர் வீட்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பல்லழகி எல்லோருடைய பல்லையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"முதல் பாடத்திலிருந்து தொடங்கலாமா?"

சற்று நேரத்தில் விலாவுக்கு விலா கணையங்கள் கூவத் தொடங்கின. சேர்மதுரையுடையதும் வாயைத் திறந்தது. "சர்க்கரை கூடுதல். பூமிப் பயணத்துக்கு..."

அவர் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சட்டைக்கு மேலாக அதைச் செல்லமாகத் தட்டினார்.

"சும்மா கெட. நல்ல நாளும் அதுவுமா!"

படைத்தது வீணாகக் கூடாதே என்று, பல்லழகியின் ஜாங்கிரியையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.