பட்டாணிக்கு வயது ஒன்றரை

இருபத்தேழு வயதான நாய் பட்டாணி ஒரே தாவலில் மேசை மேல் ஏறி டாக்டர் இளம்பரிதியின் மூக்குக்கண்ணாடியை நக்கியது. அதை இறக்கிவிட வந்த ரங்கமணிக்குத்தான் மூச்சு வாங்கியது. அவளுக்கு எழுபத்தொரு வயது, இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. நாளை மறுநாள் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாள். அந்த அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை.

பட்டாணியின் துள்ளலெல்லாம் இளம்பொதி செய்த வேலை. நாய்க்குட்டிகளின் உயிரணுக்கள் கசியவிடும், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகள் அவை. கிழட்டு அணுக்களுக்குள் புகுந்து பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்கும். மாதம் ஓர் ஊசி. கோவையில் எந்த வீட்டு நாயும் இப்போது மூப்பால் சாவதில்லை. அதனால் எந்த வீட்டிலும் இன்னொரு நாய்க்கு இடமில்லை. மனிதர்களுக்கு மட்டும் இந்த ஊசி பலிக்கவில்லை.

"முதிய நாய் இல்லத்துல சேத்துடுங்க டாக்டர். பத்து வயசு தாண்டுனாப் போதும்னாங்க. மரத்தடியில நிம்மதியாக் கெடக்கட்டும்."

இளம்பரிதி பதிவுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். வயது: ஒன்றரை.

"நீங்க மாத்தச் சொன்னதுதானுங்கம்மா. கண்காட்சில கெழட்டு நாய் வரிசைல நிறுத்திட்டாங்கன்னு சண்டைக்கு வந்தீங்களே. அணுவோட வயசையே எழுதுங்கன்னு."

அன்று வாங்கிய கோப்பை இன்னும் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெறும் பெருமைக்குச் செய்த காரியம்.

"திருப்பி மாத்துங்க."

"சோதனைல ஒன்றரைதானுங்களே வருது? ரெண்டு வயசுக்குள்ள இருக்கற நாயை விட்டுட்டுப் போனா பொதி எடுக்கற நிலையந்தான் எடுத்துக்கும். சட்டம்."

ஊசி போட வரும்போதெல்லாம், "நல்ல குட்டியோடதாப் பாத்துப் போடுங்க" என்று சொன்னவள் அவள். அந்தக் குட்டிகள் என்ன ஆகின்றன என்று இன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அங்க என்னங்க பண்ணுவாங்க?"

"கூண்டுல வெச்சு, பொதிக்காக வாரா வாரம் எலும்பு மஜ்ஜை எடுப்பாங்க. உடம்பு தாங்கற வரைக்கும்."

"எத்தன நாள் தாங்கும்?"

"குட்டிங்கன்னா ஒரு வருசம்." அவர் பட்டாணியின் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "இது நல்ல தெம்பா இருக்குது. அதுக்கு மேலயே தாங்கும்."

ரங்கமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுவது பொறுக்காமல் பட்டாணி மூலையில் கிடந்த பந்தைக் கவ்விவந்து அவள் காலடியில் வைத்தது.

கதவு திறந்தது. நடக்க முடியாத தன் கிழட்டு நாயைத் தோளில் சுமந்தபடி ஒருவன் உள்ளே வந்தான். பட்டாணியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"டாக்டர், நம்ம ராணிக்கு முதல் ஊசிங்க. இதா, இந்த மாதிரி துறுதுறுன்னு இருக்கறதோடதாப் பாத்துப் போடுங்க."