உப்புச் சத்தம்

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டுக் கூடத்தின் காய்ந்த சிமெண்ட் தரைமேலேயே அந்த மெட்டல் டிடெக்டர் உப்புத் தண்ணீரின் சத்தத்தைப் போட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாட்களில் அந்தக் கருவியோடு கடலில் இறங்கி, அடி மணலில் பழைய காசும் தொலைந்த நகையும் தேடுகிறவன். கருவியின் வட்டத் தட்டு உப்புத் தண்ணீரில் முங்கியதும் ஹெட்போனில் ஒரு முணுமுணுப்பு எழும், பாத்திரத்தில் கொதி வருவதற்கு முன் கேட்பது போல. தட்டை வெளியே எடுத்தால் கப்சிப். இன்று கிளம்புமுன் கூடத்தில் சோதித்துப் பார்த்தபோது அதே முணுமுணுப்பு. நிமிர்ந்தான். மனைவி எப்போது வந்தாளோ, பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சமையலறைக்குப் போனதும் சத்தம் நின்றது. வயர் எங்கோ விட்டிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். ஆயிரம் வயர் பார்த்தவன் அவன். இது வயர் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

போன சனிக்கிழமை கடலில் குளிக்கும்போது ஒரு அலை அவளைச் சுருட்டிக்கொண்டு போனது. அவன் அலறி முடிப்பதற்குள் இருபதடி தள்ளி எழுந்து, முகத்தில் விழுந்த முடியைக்கூட ஒதுக்காமல் கரைக்கு நடந்து வந்தாள். பதினோரு வருஷமாகக் கழற்றாத கல்யாண மோதிரம் விரலில் இல்லை. அன்றிலிருந்து அவள் அவளாக இல்லை. இந்தக் கருவியை "உங்க சின்ன வீடு" என்று கேலி செய்கிறவள், காலில் மணலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், ஐந்து நாளாக ஒரு திட்டுகூடத் திட்டவில்லை. அந்தச் சத்தமில்லாத வீடு அவனுக்குப் பயமாக இருந்தது. மோதிரம் கிடைத்துவிட்டால் மனைவியும் பழையபடி கிடைத்துவிடுவாள் என்று முழு மனசோடு நம்பினான்.

தண்ணீருக்குள் கையில் மோதிரம் இருந்தால் கருவி அதற்கும் கத்தும். அதனால் தன் மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவளும் அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, "இப்ப நீங்க பிரம்மச்சாரி, பாத்துப் போங்க" என்பாள். இன்றும் நீட்டினான்.

"அங்க வைங்க," என்று மேசையைக் காட்டினாள். "அத எதுக்கு இன்னும் தேடிட்டு? போனது போகட்டும்."

இரண்டு மோதிரமும் ஒரே பொன்னில் அடித்தவை. மேசைமேல் வைத்த மோதிரத்தின் சத்தத்தைக் கருவியில் ஒருமுறை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

நாலு மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. மேகம் மூடிய வானத்தின் கீழே தண்ணீர் ஈய நிறத்தில் கிடக்க, பாசி நாற்றம் மூக்கில் ஏற, முழங்கால் ஆழத்தில் தட்டை இடமும் வலமுமாக வீசியபடி, காதுக்குள் அந்த முணுமுணுப்பைத் தவிர வேறெதுவும் கேட்காமல் அவன் நடந்தான். தேய்ந்துபோன செப்புக் காசு ஒன்று வந்தது. வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பான். இன்று பார்க்காமலே பையில் போட்டான். இத்தனை நாளும் அவள் எழுந்து நின்ற இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் விழுந்த இடத்தை அவன் தொடவே இல்லை. அலை அவளைச் சுருட்டிய பாறையோரம் போனான்.

கணீர்.

அதே சத்தம். மேசைமேல் கேட்ட அதே சத்தம்.

கையிலிருந்த, மணல் அள்ளும் சல்லடையை அடியில் அழுத்தினான். எதிலோ இடித்தது. கருவியை முதுகில் மாட்டிக்கொண்டான். தட்டு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் முணுமுணுப்பு அடங்கியது. குனிந்து, தோள்வரை நனைய, கையாலேயே மணலைத் தோண்டினான். விரலில் வழவழப்பான ஒரு வளையம் பட்டது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இழுத்தான். வரவில்லை.

வளையத்துக்குள் ஏதோ இருந்தது. தடவினான். கணு. நகம். கணுவுக்குக் கீழே ஒரு தழும்பு.

இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. கல்யாணமான முதல் வருஷம். அவன்தான் மருந்து போட்டான்.

கையை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. விட்டுவிட்டால் அவள் மறுபடி போய்விடுவாள் என்றும் தோன்றியது.

அப்போது ஹெட்போனில் முணுமுணுப்பு.

தட்டு காற்றில் இருந்தது. சொட்டுவதுகூட நின்றுபோயிருந்தது. ஆனாலும் முணுமுணுப்பு. முதுகுக்குப் பின்னால். நெருங்கி நெருங்கி.

திரும்பினான். முழங்கால் தண்ணீரில், அலை எழுப்பாமல், மனைவி வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, கிடைச்சுதா?"

இடது கையை நீட்டினாள். மோதிர விரல் மழமழவென்றிருந்தது. தழும்பு இல்லை. பதினோரு வருஷத்து மோதிரத் தடம் இல்லை.

"காட்டுங்க."

காதுக்குள் கொதித்தது.

மணலுக்கடியில் அந்த விரல்கள் மெல்ல மடங்கி, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.