லேபிள் இல்லாத சட்டைகள்

கடைசிப் பெட்டியையும் மாடியேற்றிவிட்டு அண்ணன் மூச்சு வாங்கினான். தங்கை வாங்கவில்லை. புது வீட்டில் முதல் மூச்சை அவள் எப்போதும் முடிந்தவரை தள்ளிப்போடுவாள்.

"இழுத்துப் பாரு தாயே. வீடு பாஸா, ஃபெயிலா?"

இழுத்தாள். பழைய சுண்ணாம்பு. மூடியே கிடந்த அலமாரி. அடியில் எங்கோ இரும்பு. கத்தரிக்கோலை நெடுநேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் தங்குமே, அந்த வாசனை.

"பரவால்ல," என்றாள்.

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தைய வீட்டைக் கீழ்வீட்டுப் பினாயிலுக்காகக் காலி செய்தாள். அதற்கு முந்தையதை, தொட்டால் பல் கூசுகிற சுவருக்காக.

"இதுவும் ஒத்துவரலன்னா எங்க வீட்டுக்கே வந்துரு."

அன்பாகத்தான் சொன்னான். அவன் வீட்டில் அண்ணி அறைக்கு அறை எலுமிச்சை ஸ்ப்ரே அடிப்பாள். அங்கே இருந்தபோது தங்கை முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறைத் தரையில்தான் தூங்கினாள். "எல்லாம் உன் மனசுதான்," என்பாள் அண்ணி. விளக்கி விளக்கித் தங்கைக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் எதற்கும் "பரவால்ல"தான்.

துணி அடுக்கும்போது அலமாரி மூலையில் விரலில் ஏதோ பட்டது. சட்டை லேபிள்கள். கழுத்தைக் குத்துமே, அந்தத் துண்டுகள். ஒரு கைப்பிடி இருந்தன. கத்தரித்தால் மிச்சமிருக்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும் என்று தெரிந்த யாரோ, தையலைப் பிரித்துப் பிரித்து எடுத்திருந்தார்கள்.

அவளும் அப்படித்தான் எடுப்பாள்.

கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள். "முன்னாடி யாருங்க இருந்தாங்க?"

"ஒரு தையல்காரம்மா. தங்கமானது, ஆனா எதுவுமே ஒத்துக்காது. சென்ட் போட்டுட்டுப் போனா கதவே திறக்காது." குரல் தாழ்ந்தது. "கடைசில, தன் தோலே உறுத்துதுன்னு சொல்லுச்சு. அதோட உயிரும் போயிருச்சு, பாவம்."

மறுநாள், இன்னும் பிரிக்காத பையிலிருந்து புதுச் சட்டையை எடுத்தாள். லேபிள் இல்லை. ஒரு நூல்கூட மிச்சமில்லை. போர்வையில் இல்லை. தலையணை உறையில் இல்லை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே. தவிர, ஒரு பேய்க்குப் புரிந்தது கூடப்பிறந்தவனுக்குப் புரியவில்லையே என்றுதான் தோன்றியது. வெகு காலத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வந்தான். கையில் ஸ்ப்ரே.

"உங்கண்ணி குடுத்துவிட்டா. பழைய வீடு, மக்கின வாடை அடிக்கும்னா."

"அண்ணே, வேணாம்..."

ப்ஸ்ஸ்ஸ். கூடம் முழுக்க. அவள் தோளில், முடியில், கழுத்தில்.

வீடு மூச்சை நிறுத்தியது.

இரும்பு வாசனை மெல்லக் கூடத்துக்குள் வந்தது.

"ஆ!" அண்ணன் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டான். காலடியில் அவன் சட்டை லேபிள் கிடந்தது. ஓரத்தில் ஒரு துளி சிவப்பு.

"நீயா பண்ண?" என்று திரும்பினான். அவள் எதிர்ச்சுவரோரம் நின்றிருந்தாள்.

அவன் முகம் வெளுத்தது. "கிளம்பு. இப்பவே நம்ம வீட்டுக்குப் போயிரலாம்."

நம்ம வீடு. எலுமிச்சை. ஈரத்துண்டு. எல்லாம் உன் மனசுதான்.

"பரவால்ல," என்றாள். "நான் இங்கயே இருக்கேன்."

அவன் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினான். அவள் ஜன்னல்களைத் திறந்தாள். தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். கூடத்திலிருந்து எலுமிச்சை போய்விட்டது.

அவள் தோலிலிருந்து போகவில்லை.

"போயிரும்," என்று காற்றிடம் முணுமுணுத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பின்கழுத்தில் ஒரு விரல் பட்டது. லேபிளைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை.

விரல் போகவில்லை.

தோலின் தையல் எங்கே தொடங்குகிறது என்று, ஒரு நகம் பொறுமையாகத் தேட ஆரம்பித்தது.