மூன்று சொற்களுக்கு மட்டும் அனுமதி

காலை பத்து மணிக்கு வெப்பச் சங்கு ஊதியது. தூத்துக்குடி உப்பளத்தில் பச்சைப் பட்டை கட்டியவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குளிர்க்கூடத்துக்குள் போனார்கள். பழுப்புப் பட்டை கட்டியவர்கள் தலைத்துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் பாத்திக்குள் இறங்கினார்கள். இரண்டு வருடங்களாகத் தினமும் இப்படித்தான். ஒரே அளம், ஒரே வெயில். யார் பச்சை, யார் பழுப்பு என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்திருந்தது.

கனியமுது வரப்பில் நின்று மோர்க் குடுவையை நீட்டினாள். அவள் கணவன் சுயம்புவின் மணிக்கட்டில் இருந்தது பழுப்பு.

"ரெண்டு மடக்காவது குடிங்க. முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"தூக்கம் சரியில்லட்டி. அதான்."

"நாலு நாளா இதையேதான் சொல்லுதீய. பட்டையக் கழத்திப் போட்டுட்டு வாங்க. சோதனையிலேர்ந்து விலக உங்களுக்கு உரிமை இருக்கு."

"நல்லாருக்கே! சோதனைய நடத்துற அம்மாவோட புருசனே நெழலுக்கு ஓடிட்டான்னா மத்தவன் வெயில்ல நிப்பானா? ஆளாளுக்குக் கழண்டுகிட்டா எல்லாம் செல்லாமப் போயிரும், திரும்ப முதல்லேர்ந்துன்னு நீதான சொன்ன?" அவன் மோரை ஒரே மூச்சில் குடித்தான். "வீட்டுல வண்டி வண்டியாப் பேசுத. சபையில மூணே வார்த்தை. உன்னையத் தேடிப்பிடிச்சு அந்த வேலைக்கு வச்சான் பாரு, அவனச் சொல்லணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு கட்சியும் தனக்கென்று ஒரு விஞ்ஞானியைக் கூலிக்குப் பிடித்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கடல் ஊருக்குள் வந்த பிறகும் 'வரவில்லை' என்று சொல்ல ஆள் கிடைத்த காலம். அந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் சான்றுச் சட்டம் வந்தது. அதன்படி, மக்களிடையே சோதித்துப் பார்க்காமல் எந்தப் புதிய சட்டமும் வராது. சோதனையை நடத்துகிற சான்றுரைஞர் சட்டசபையில் ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்று சொற்களில் ஒன்றைத்தான் சொல்லலாம். வேறு எதைப் பேசினாலும் ஒலிவாங்கி அடைத்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி இருந்தால்தான் 'ஆம்'. 'தெரியாது' என்றால் சோதனை இன்னும் ஒரு வருடம் நீளும். சான்றுரைஞர் வீட்டுக்கும் சீட்டில் விலக்குக் கிடையாது.

கல்லூரியில் படிக்கும்போது இந்தச் சட்டத்தைப் புகழ்ந்து கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் கனியமுது.

போன வருடம் நண்பகல் ஓய்வுச் சட்டம் சபைக்கு வந்தது. பத்திலிருந்து நான்கு மணிவரை வெயிலில் வேலை கூடாது என்கிற சட்டம். "இந்த ஓய்வு தொழிலாளர்களின் சிறுநீரகத்தைக் காக்கும் என்று உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அவள் கையில் அப்போது இருந்தது எண்பத்தொன்பது. "தெரியாது" என்றாள். படித்த படிப்புக்கு உண்மையாக இருந்துவிட்ட பெருமையில் அன்று வீட்டில் பாயசம்கூட வைத்தாள். அந்த ஒரு சொல், மூவாயிரம் பேரை இன்னொரு கோடை முழுக்க வெயிலில் நிறுத்தும் என்பது பாயசம் ஆறிய பிறகுதான் உறைத்தது. மழை வர நூற்றுக்கு எண்பத்தொன்பது வாய்ப்பு என்றால் மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுகிற வீடு ஒன்று உண்டா? வற்றலுக்குக் காட்டுகிற புத்தியை மனிதர்களுக்குக் காட்ட இந்த ஊரில் வழியில்லை.

நாளை சட்டம் மறுபடி சபைக்கு வருகிறது. உறுதி இப்போது தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு.

வரப்பிலிருந்து திரும்பியதும் சபைச் செயலர் பத்மலோசனியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மேடம், 'உறுதியா தெரியுமா'ன்னு கேக்காம, 'இதுவரை தெரிஞ்சத வச்சு ஓய்வு குடுக்கலாமா'ன்னு ஒரே ஒரு உறுப்பினரக் கேக்கச் சொல்லுங்களேன்."

"சான்றுரைஞர் கேள்வி எழுதிக் குடுக்கக் கூடாதும்மா. அது செல்வாக்கு செலுத்துறது."

"சரி, 'ஓய்வு எடுத்தா யாருக்காவது கெடுதல் உண்டா'ன்னாவது கேக்கலாமில்ல?"

"கேக்கலாம். அதுக்குத் தனியா ஒரு சோதனை போடணும்."

"நெழல்ல உக்கார்றதுக்கா மேடம்?"

"எதுக்குக் கோவப்படுறீங்க? உங்க நேர்மைய நாங்க எல்லாப் பயிற்சி வகுப்புலயும் உதாரணமா சொல்றோம், தெரியுமா?"

கனியமுது தொலைபேசியைச் சுவரில் எறியாமல் மேசைமேல் வைத்தாள். அதற்கே அன்றைய பொறுமை முழுவதும் செலவானது.

மதியம் இரண்டு மணிக்குச் சுயம்பு பாத்திக்குள் குப்புற விழுந்தான்.

மருத்துவமனையில் செவிலி முடிவைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் போய்விட்டன. கட்டிலில் கிடந்தவன் கனியமுதுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதட்டி. நாளைக்கு உனக்குச் சபை இருக்கு. கண்ணு வீங்குனா டிவியில அசிங்கமாத் தெரியும்" என்றான்.

"நீங்க ஒண்ணும் அதப் பாக்க வேண்டாம்."

"பொண்டாட்டி வாயை அடக்கிப் பேசுத ஒரே எடம் அதுதான். அதையும் பாக்கக் கூடாதா?"

மறுநாள் காலை அலுவலகத்தில் திரையைத் திறந்தாள். ஆய்வகத்திலிருந்து சோதனை முடிவுகள் தாமாகவே வந்து சேர்ந்திருந்தன. பழுப்புக் குழுவில் புதிய பாதிப்பு ஒன்று. ஆண், வயது நாற்பத்தொன்று. பெயர் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் காட்டவில்லை. கீழே உறுதி அளவு மாறியிருந்தது.

தொண்ணூற்றைந்து புள்ளி பூஜ்யம் மூன்று.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளாக இந்தச் சட்டம் எதற்காகக் காத்திருந்தது என்பது அங்கே தெளிவாக எழுதியிருந்தது.

பதினொரு மணிக்கு அவள் அலுவலகத்து ஒளிபரப்புக் கூண்டுக்குள் ஏறி நிற்க, அவளுடைய நிழலுரு சென்னையில் சபை நடுவே எழுந்தது. போன வருடத்துக் கேள்வி, ஓர் எழுத்து மாறாமல் வந்தது.

"ஆம்."

மேசைகள் அதிர்ந்தன. ஆறே நிமிடத்தில் சட்டம் நிறைவேறியது. ஓர் உறுப்பினர் எழுந்து, அவசரப்படாமல் காத்திருந்ததன் பலன் இது என்றார். அறிவியல் வென்றது என்றார் இன்னொருவர். கடைசியாக ஒரு முதிய உறுப்பினர், உண்மையான அக்கறையோடுதான், கேட்டார்: "ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் இனி இந்த ஓய்வால் தேறிவிடுமா?"

தேறாது என்பதற்கு அவளிடம் தொண்ணூற்றொன்பது இருந்தது. மருத்துவமனைத் தொலைக்காட்சியில் சுயம்பு பார்த்துக்கொண்டிருப்பான்.

கனியமுது வாயைத் திறந்தாள். பேசினாள். உதடுகள் அசைந்தன, சபையில் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு மினுங்கியது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூன்றில் ஒன்று, அம்மா" என்று சபைத் தலைவர் கனிவாக நினைவூட்டினார்.

"இல்லை."

தெளிவான பதிலுக்கு நன்றி சொன்னார் தலைவர். அதற்கும் மேசையைத் தட்டினார்கள்.

அவள் கூண்டைவிட்டு வெளியே வருவதற்குள் தொலைபேசி அடித்தது.

"ஏட்டி கனி," என்றான் சுயம்பு. "கடைசியில என்னமோ பேசுனியே, சத்தமே வரல. என்ன சொன்ன?"

கனியமுது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் வார்த்தையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.